கிருத்திகையன்று காணாமல் போன இரும்பு

முப்பது வருஷத்துக்கு மேல் பூமியின் காந்தத்தை அளந்து சம்பளம் வாங்கியவன் நான். அத்தனை வருஷத்தில் நானாகக் கண்டுபிடித்த இரும்புச் சுரங்கம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் என் சாப்பாட்டு மூட்டைக்குள் இருந்தது.

இதைப் பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். கண்டுபிடிப்புகளில் எனக்கு ராசி இல்லை என்பது மேலே உள்ள வரியிலேயே தெரிந்திருக்கும்.

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸிலிருந்து இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். இப்போதெல்லாம் அளக்கிற கருவி ஒரு பெட்டியாம். பித்தானை அமுக்கினால் எண் வந்து நிற்குமாம். அவர்கள் வந்தது அதைச் சொல்ல அல்ல. பழைய விதிமுறைத் தாள் ஒன்றில், சாவி, கத்தி, குடை, ஆணியடித்த செருப்பு இவையெல்லாம் கருவிக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்று எழுதிவிட்டு, கடைசியில் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறதாம்: ‘உணவு மூட்டைகள் ஐம்பது அடிக்கு அப்பால்.’ “சாப்பாட்டுக்கும் காந்தத்துக்கும் என்ன சார் சம்பந்தம்?” என்று கேட்டார்கள். காபி கொடுத்து வேறு பேச்சுக்கு மாற்றிப் பார்த்தேன். முடியவில்லை. ஆபீஸ் ஆண்டு மலருக்கு எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். இரும்பு எங்கே கிடைக்கும், கிடைக்குமா என்று மேலிடம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் எட்டு மாதம் பயிற்சி பெற்றேன். அதில் ஏழு மாதம் பெட்டி தூக்கினேன், ஒரு மாதம் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அப்புறம் ‘தற்காலிகம்’ என்று அடைப்புக்குறி போட்ட ஒரு உத்தியோகத்தைக் கொடுத்து திருத்தணிக்கு அனுப்பினார்கள். அப்போது திருத்தணி சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. ஐப்பசி மாசம், ஆனால் அந்த வருஷத்து மழைக்கு ஐப்பசி பிறந்தது தெரியவில்லை. ஊரைத் தாண்டிப் பள்ளிப்பட்டுப் பக்கம் போகும் சாலைக்கு இரண்டு புறமும் உள்ள நிலத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அளப்பதுதான் வேலை. எங்கே நின்று திரும்பிப் பார்த்தாலும் மலைமேல் கோயில் விமானத்துக் கலசம் தெரியும். அதைக் குறி வைத்துத்தான் கோடு பிடிப்போம். முருகனுக்கு எங்கள் ஆபீஸில் சம்பளமில்லாத உத்தியோகம்.

எங்கள் கருவிக்குக் காந்தத் தராசு என்று பெயர். தமாஷுக்குச் சொல்லவில்லை, தராசேதான். பெட்டிக்குள் கத்திமுனை மேல் ஒரு காந்தம், மளிகைக் கடைத் தராசுத் தண்டு மாதிரிப் படுத்திருக்கும். நிற்கிற இடத்துக்குக் கீழே இரும்பு போல ஏதாவது இருந்தால் அது ஒரு பக்கம் சாயும். மேலே ஒரு குழாயில் கண்ணை வைத்து எத்தனை கோடு சாய்ந்தது என்று எழுத வேண்டும். முக்காலியை ஊன்ற வேண்டும், மட்டம் பார்க்க வேண்டும், காந்தத்தைக் கத்திமுனை மேல் பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல் இறக்க வேண்டும். ஆட்டம் அடங்கும்வரை மூச்சைக்கூட ஓரமாக விட வேண்டும். படித்தபின் தூக்கிப் பூட்டி, பெட்டியை அரை வட்டம் திருப்பி, மறுபடி இறக்கி, மறுபடி படிக்க வேண்டும். இரண்டுக்கும் சராசரி போட்டால் கருவியின் குற்றம் கழிந்துவிடும். பார்க்கிறவனின் குற்றத்தைக் கழிக்க வழி கிடையாது.

அது போதாதென்று பூமியும் சும்மா இருக்காது. காலையில் ஒரு காந்தம், உச்சி வேளையில் ஒரு காந்தம் என்று மெல்ல ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் இரண்டு மணிக்கொரு தரம் புறப்பட்ட புள்ளிக்கே திரும்பி வந்து அளந்து, அந்த ஏற்ற இறக்கத்தைக் கழிக்க வேண்டும். அந்தப் புள்ளிக்கு ‘பேஸ்’ என்று பெயர். சாலையோரப் புளியந்தோப்பில் முளை அடித்து வைத்திருந்தோம். அங்கே உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர் எங்கள் மேலதிகாரி ராவ் சார்.

ராவ் சார் கோபித்து நான் பார்த்ததில்லை. கோபித்திருந்தால் தேவலை. “எத்தனை தரம் பார்த்தீர்?” என்று மட்டும் கேட்பார். இரண்டு என்றால், “மூன்றாவது தரம் பார்த்துவிட்டு வாரும்” என்பார். மூன்று என்றால் நான்கு. தினமும் காலையில் என்னையும் பெட்டியும் குச்சியும் சுமக்கும் எங்கள் கலாசி சாலமோனையும் நிறுத்தி, தலையிலிருந்து கால்வரை இரும்பு தேடுவார். சட்டைக்கு மரப் பித்தான், பென்சிலுக்குத் தகரமூக்கு இருக்கக்கூடாது, சாலமோனின் இடுப்புச் சாவிக்குத் தடை. தமக்கும் விலக்கு கிடையாது. அவர் குடைக்கு இரும்புக் கம்பி. அதை ஐம்பது அடி தள்ளி மர நிழலில் சாத்திவிட்டு, தாம் வந்து வெயிலில் நிற்பார். இந்த உலகத்தில் நிழலில் இளைப்பாறிய ஒரே குடை அதுதான்.

அவர் மலையடிவாரச் சத்திரத்தில் தங்கியிருந்தார். வெங்காயம்கூடச் சேர்க்காதவர். முதல் நாள் என் நெற்றி நிறைய விபூதியைப் பார்த்து, “நீர் சைவமோ?” என்று கேட்டார். நிரந்தர உத்தியோகம் அவர் பேனா முனையில் இருந்தது. “பரம்பரையாக சார்” என்று சொல்லிவிட்டேன். என் பரம்பரையில் ஆடு தப்பியதாகச் சரித்திரம் இல்லை.

“அப்படியானால் சத்திரத்திலேயே சாப்பிடலாமே.”

“வேலை செய்கிற இடத்துக்குப் பக்கமாக இருந்தால் நல்லது சார்” என்று சொல்லி, ஊருக்கு வெளியே சாலமோன் வீட்டில் ஒண்டிக்கொண்டேன். சாலமோன் குடும்பம் மிஷன் காலத்திலேயே வேதத்துக்கு வந்த குடும்பம். அவன் மனைவி எஸ்தரம்மாள் கைப்பக்குவத்துக்காக நான் இன்னும் நாலு பொய் சொல்லியிருப்பேன்.

அந்த வாரம் அவர்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை. காணிக்கை ஏலத்தில் ஒரு ஆட்டின் பாதியைச் சாலமோன் எடுத்துவந்துவிட்டான். மூன்று நாள் கறிக்குழம்பு. மிச்சத்துக்கு உப்புப் போட்டுக் கொடியில் உலர்த்தியாயிற்று. மதியச் சாப்பாட்டை எஸ்தரம்மாள் பித்தளைத் தூக்குச்சட்டியில் வைத்துத் துணியில் மூட்டையாகக் கட்டிக் கொடுப்பாள். பேஸில் ராவ் சார் மூக்குக்கு எட்டாமல் அதைத் தோப்புக்கு வெளியே சாலமோன் பிடித்துக்கொண்டு நிற்பான். வயலுக்கு வந்ததும் பிரச்சினை. கீழே வைத்தால் எறும்பு. வரப்பில் வைத்தால் நாய். சாலமோனுக்கோ இரண்டு கையிலும் கோடு பிடிக்கிற கொடிக் குச்சி. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. என் மூளை வேலை செய்கிற நாளில் எல்லாம் யாருக்காவது கஷ்டம் வரும். முக்காலியின் நடுவில், தூக்குக் குண்டு மாட்டுவதற்கென்று ஒரு பித்தளைக் கொக்கி உண்டு. குண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மூட்டையை அதில் மாட்டினேன்.

அந்த மூன்று நாளும் நாங்கள் அளந்தது செங்கல்ராயன் என்பவரின் வேர்க்கடலைக் கொல்லை, அந்த ஊர்ப் பேச்சில் மல்லாட்டைக் கொல்லை. அவருக்கு ஐம்பது வயதிருக்கும். என்னைவிட அரைச் சாண் உயரம், பேச்சு என் பேச்சில் பாதி. முதல் வரிசையிலேயே தண்டு சாய்ந்தது. இரண்டாவது வரிசையிலும் சாய்ந்தது. மூன்றாவதிலும். வேலிக்கு அந்தப் பக்கம் அதற்கு முந்தின நாட்களில் அளந்ததெல்லாம் பலகை மாதிரி இருக்க, செங்கல்ராயன் நிலத்தில் மட்டும் எண்ணில் ஒரு மேடு. வரைபடத்தில் அதைச் சிவப்புப் பென்சிலால் சுற்றினேன். அன்று ராத்திரி என் மாமனாருக்குக் கடிதம் எழுதினேன். என்ன எழுதினேன் என்று இப்போது சொல்ல மாட்டேன். அந்தக் கடிதத்தை அவர் சாகிறவரை பெட்டியில் வைத்திருந்து நேரம் கிடைத்தபோதெல்லாம் படித்துக் காட்டினார்.

ராவ் சார் வரைபடத்தைப் பார்த்தார். “மறுபடி எடும்” என்றார். மறுநாள் எடுத்தேன். உப்புக்கண்டக் குழம்பு. மேடு அப்படியே இருந்தது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நேரே செங்கல்ராயனிடம் போய், “உங்கள் நிலத்துக்குக் கீழே இரும்பு இருக்கிறது” என்று, பிள்ளை பிறந்த சேதி சொல்கிற மாதிரிச் சொன்னேன்.

அவர் களைக்கொட்டைக் கீழே வைத்தார். “முப்பது வருசமா இதுல ஏர் ஓட்டுறேன். கொழு தேஞ்சுதே தவிர ஒரு ஆணி அகப்படலீங்களே?”

“ஆழத்தில் இருக்கிறது.”

“இருந்தா?”

“குழி வெட்டிப் பார்ப்பார்கள். ஆட்கள் பொதட்டூர்பேட்டைப் பக்கம் இருக்கிறார்கள். ரிப்போர்ட் போனால் நாலு நாளில் வந்துவிடுவார்கள்.”

“மல்லாட்ட இன்னும் பத்து நாளு மண்ணுல இருக்கணும். இப்ப புடுங்குனா எல்லாம் பிஞ்சு. போன வருசம் மழ இல்ல, ஒண்ணும் இல்ல. வூட்டுல ஆறு வாயி, இதுல வர்றதுதான் எங்களுக்கு வருசக் கஞ்சி.” சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். “பத்து நாளு கழிச்சி வந்தா இரும்பு ஓடிப் பூடுமா?”

சண்டைக் காலம், மேலிடத்து உத்தரவு, என் கையில் எதுவும் இல்லை என்று அடுக்கினேன். கையில் எதுவும் இல்லாதவன் எதற்குச் சிவப்புப் பென்சில் எடுத்தான் என்று அவர் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற சாலமோனைப் பார்த்து, “இன்னா சாலமோனு, இவரு சொல்றது நெசமா?” என்றார்.

“பொட்டி சொல்லுதுங்க பாவா” என்றான் சாலமோன். பாவா என்றால் அந்தப் பக்கத்தில் மச்சான் முறை.

“பொட்டி சொல்லுதா! பொட்டிக்கு வவுறு இருந்தா தெரியும்.”

அடுத்த நாள் கிருத்திகை. காவடிகள் மலையேறிக்கொண்டிருந்தன. அரோகரா சத்தம் தோப்புவரைக்கும் கேட்டது. நானும் வருஷம் முழுக்க எப்படி இருந்தாலும் கிருத்திகைக்குக் கறி தொடமாட்டேன். சாம்பார் சாதம் போதும் என்று எஸ்தரம்மாளிடம் சொல்லிவிட்டேன். ராவ் சார் ரிப்போர்ட்டை எழுதி உறையில் போட்டாயிற்று. மறுநாள் காலை ரயிலில் போகிற தபாலுக்கு அன்று மூன்று மணிக்குள் சேர்த்துவிட வேண்டும். அதற்குமுன் மேட்டைத் தம் கண்ணால் ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று எங்களோடு வயலுக்கு வந்தார். குடையை வேலியில் சாத்தினார். நான் பழக்க தோஷத்தில் சாம்பார் மூட்டையைக் கொக்கியில் மாட்டப் போய், அவரைப் பார்த்துவிட்டு வரப்பில் வைத்தேன்.

காந்தத்தை இறக்கினேன். கோடு அசையவில்லை. திருப்பினேன். அசையவில்லை. அடுத்த புள்ளி, அதற்கடுத்த புள்ளி. பலகை. இரும்பும் கிருத்திகை விரதம் இருந்த மாதிரி மறைந்துவிட்டது.

ராவ் சார் என்னை நகரச் சொல்லிவிட்டுத் தாமே குழாயில் கண்ணை வைத்தார். ஆறு தரம் படித்தார். பேஸுக்கு நடந்து போய் அங்கேயும் படித்தார். பேஸ் சரியாக இருந்தது. பூமி அன்று அமைதியாகத்தான் இருந்தது.

“நாலு நாள் இருந்தது. இன்று இல்லை. நாலு நாளுக்கும் இன்றைக்கும் எதெது வேறு என்று எழுதும். அற்பம் என்று ஒன்றையும் விடாதேயும். மூன்று மணிக்குள் காரணம் கிடைக்காவிட்டால் நாலு நாளை நம்பி ரிப்போர்ட்டை அனுப்ப வேண்டியதுதான். மேலிடத்திலிருந்து இரண்டு தந்தி வந்துவிட்டது” என்றார்.

புளியமரத்தடியில் உட்கார்ந்து எழுதினேன். வெயில், காற்று, வெப்பமானி, நின்ற இடம். என் சட்டையைக்கூட எழுதினேன். எல்லாம் ஒன்றுதான். பசித்தது. தோப்புக்கு வெளியே போய்ச் சாலமோனோடு உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தேன்.

“என்னப்பா, இன்றைக்கு மூட்டை கனமே இல்லை?”

“கறி இல்லீங்களே சார். கறி இல்லாத நாளு அது எதுக்கு?”

“எது எதுக்கு?”

“இரும்புத் துண்டுங்க. உச்சி வேளையில கறிச்சோறு எடுத்துகினு வெட்ட வெளியில போறோம். காத்து கருப்பு கூடவே வந்துடும்னு, கரித்துண்டும் ஒடஞ்ச அருவா மூக்கும் வெச்சிக் கட்டிக் குடுக்கும் எஸ்தரு. நம்ம சபையில அதெல்லாம் கூடாதுன்னு பாதிரி அய்யரு சொல்றாரு. இதுகிட்ட சொன்னா, ‘கர்த்தர் பாத்துக்குவாரு, இரும்பும் ஒரு பக்கம் பாத்துகினு இருக்கட்டும்’னுது.”

பிசைந்த கவளத்தைச் சட்டியிலேயே போட்டேன். “அடப் பாவி! இரும்பு கூடாது என்று தினமும் உன் இடுப்பைத் தடவிப் பார்க்கிறாரே, உனக்குத் தோன்றவில்லையா?”

“ஒடம்புல இருக்கக் கூடாதுன்னுதானே சொன்னாரு? இது சோத்துலதானே இருந்துது. அத்தக் கொண்டாந்து பொட்டிக்குக் கீழ மாட்டுனது ஆரு?”

ஆரு என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மணி இரண்டேகால். இங்கே என் யோக்கியதையைப் பற்றி நான் பெரிதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பேசாமல் இருந்தால் என்ன ஆகும்? நாலு குழி வெட்டுவார்கள், மண் வரும், ‘கருவிக் கோளாறு’ என்று எழுதி மூடிவிடுவார்கள். மூட்டை விஷயம் யாருக்கும் தெரியாது. சொன்னால்? இரும்பைச் சொல்ல வேண்டும். இரும்பைச் சொன்னால் கறியைச் சொல்ல வேண்டும். கறியைச் சொன்னால் பரம்பரையைச் சொல்ல வேண்டும். தற்காலிகம் என்ற அடைப்புக்குறி அன்றோடு நிரந்தரமாகிவிடும். சாலமோன் மிச்சச் சோற்றை மூடிவைத்தான். “செங்கல்ராயன் பாவா ஆளுங்களைக் கூப்பிட்டுகினு இருக்காருங்க. பிஞ்சா இருந்தாலும் பரவால்ல, குழி வெட்ட வர்றதுக்குள்ள புடுங்கிடறேன்னு” என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

எழுந்து போனேன். ராவ் சார் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

“காரணம் கிடைத்துவிட்டது சார். நான் சைவம் இல்லை.”

அவர் நிமிரவில்லை. அதற்கப்புறம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பண்டிகை, ஆட்டின் பாதி, உப்புக்கண்டம், எறும்பு, நாய், கொக்கி. ஆட்டின் விலையைக்கூடச் சொல்ல வந்தேன். கையை உயர்த்தினார்.

“கறி எனக்கு வேண்டாம். அந்த இரும்பு எங்கே?”

சாலமோன் வீட்டுக்கு ஓடினான். கரி படிந்த கந்தலில் சுற்றிய அரிவாள் மூக்கைக் கொண்டுவந்தான். நாங்கள் மூவரும் வயலுக்குப் போனோம். அன்று ராவ் சார் செய்ததை அப்புறம் எத்தனையோ பேருக்கு நான் பாடமாகச் சொல்லியிருக்கிறேன்; யாருடைய பாடம் என்று மட்டும் சொன்னதில்லை. முதலில் வெறும் முக்காலியோடு படித்தார். பிறகு, “எந்த உயரத்தில் தொங்கியது? கூர் மேலேயா கீழேயா?” என்று கேட்டு, கந்தலைத் தாமே தொட்டு, நூலில் கட்டி அதே கொக்கியில் மாட்டினார். காந்தத்தை இறக்கினார். படித்தார். கழற்றினார், படித்தார். மாட்டினார், படித்தார். பத்துத் தரம். ஒவ்வொரு தரமும் எண்ணை அவர் சொல்ல நான் எழுதினேன். மாட்டும்போது என் மேடு எழுந்தது, கழற்றும்போது படுத்தது. கடைசியில் சராசரி போட்டார். சிவப்புப் பென்சிலில் நான் எழுதியிருந்த எண்ணுக்கும் அதற்கும் அரைக் கோடுதான் வித்தியாசம்.

“நீர் அளந்ததில் தப்பில்லை. மிகச் சுத்தமாக அளந்திருக்கிறீர், உம் சாப்பாட்டை” என்றார். அவர் பேசியதில் தமாஷுக்கு மிக அருகே வந்தது அதுதான். உறையைக் கிழித்தார். விதிமுறைத் தாளை எடுத்து, குடை செருப்பு வரிசைக்குக் கீழே அந்த ஒரு வரியை எழுதினார். என் உத்தியோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது நிரந்தரமானது ஆறு மாதம் கழித்து எனக்கே ஒரு தபாலில்தான் தெரிந்தது.

“மூன்று வரிசையும் நாளைக்கு மறுபடி எடுக்க வேண்டும். அதற்குமுன், அந்த நிலத்துக்காரரிடம் இரும்பு இருக்கிறதென்று சொன்னது யார்?”

“நான்தான் சார்.”

“அங்கே இரும்பைப் போட்டவரே போய் எடுத்துவிடும்.”

கொல்லையின் மறுகோடியில் ஏழெட்டுப் பேர் குனிந்திருந்தார்கள். வரப்பில் ஓடினேன், வழுக்கினேன், எழுந்தேன். செங்கல்ராயன் முதல் சாலில் பாதி பிடுங்கியிருந்தார். கையில் இருந்த செடியின் வேரில் காய்கள் வெள்ளை வெளேரென்று, பால் பல் மாதிரி இருந்தன. அவர் மனைவி அதை வாங்கி ஓரமாக வைத்தாள். கூடையில்கூடப் போடவில்லை.

“நிறுத்துங்க, நிறுத்துங்க! குழி வெட்ட மாட்டார்கள்! இரும்பு இல்லை!”

எல்லோரும் நிமிர்ந்தார்கள். கூட்டம் கிடைத்தால் எனக்குப் போதும். காந்தத் தராசு என்றால் என்ன, கத்திமுனை என்ன, தண்டு ஏன் சாய்கிறது, எஸ்தரம்மாள் ஏன் அரிவாள் மூக்கை வைத்தாள், நான் அதை எங்கே மாட்டினேன் என்று ஆதியோடந்தமாகச் சொன்னேன். ராவ் சார் உறையைக் கிழித்ததை நடித்தே காட்டினேன். நடுவில் கொஞ்சம் கண் கலங்கியது என்றும் நினைக்கிறேன். பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். பொறுமையாகப் பத்து நாள் காத்திருங்கள், காய் முற்றட்டும், இந்த நிலத்தை இனி யாரும் தொடமாட்டார்கள், அதற்கு நான் ஜவாப்தாரி என்று முடித்துவிட்டு, அவர் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று நின்றேன்.

செங்கல்ராயன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே, என் காலடியைப் பார்த்தார்.

“கால எடுங்க சார், செடி மெரிபடுது.”